பிரேக் பிடிக்க வேண்டிய கை

பினாங்கில் மோட்டார் இல்லாத வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். கேட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது முன்னால் ராகா மாட்டிய ஒரு கப்சாய்தான். பிள்ளையைப் பள்ளியில் விட, பசாரில் மீன் வாங்க, லிட்டில் இந்தியாவில் பூ வாங்க, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வரை போய் வர, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். மோட்டார் ஓட்டத் தெரிந்தவருக்கு அது ஓட்டுவதாகவே தோன்றாது. நடப்பதைப் போலத்தான். விரல் மூட்டில் வலி வந்த பிறகுதான், மோட்டாரில் எத்தனை வேலையைக் கைகள் செய்கின்றன என்பது புரியும்.

எனக்கு 51 வயது. டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். போக வர ஏறக்குறைய 30 கிலோமீட்டர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தூரத்தை மோட்டாரில்தான் கடக்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் வலி ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இரண்டு கையையும் மடக்க முடியாது. விரல்கள் ஒவ்வொன்றும் உள்ளே ஏதோ அடைத்து வைத்ததுபோல் இருக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டும் புறங்கையோடு சேரும் இடத்தில் வீங்கியிருந்தன. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பால் டின் திறக்க மகனைக் கூப்பிட வேண்டியிருந்தது. பத்து மணிக்கு மேல்தான் கை கொஞ்சம் வழிக்கு வரும். எட்டு மணி வேலைக்குப் போகிறவளுக்குப் பத்து மணிக்கு வழிக்கு வரும் கையால் என்ன பயன்?

மூன்று வாரம் அப்படியே இருந்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். பதிவுக்கு ஒரு ரிங்கிட். டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு நிபுணரிடம் அனுப்பினார். அங்கே ஐந்து ரிங்கிட். எனக்கு இருப்பது ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றார்கள். தமிழில் முடக்குவாதம் என்று சொல்லுவோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டில் எல்லாரும் பயந்துவிட்டார்கள். பெயரில் இருக்கும் முடக்கம், காலத்தோடு மருந்து எடுத்தால் பலருக்கு வராமலே போகிறது என்பதை டாக்டர் சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் உயிர் வந்தது.

எல்லாக் கைவலியும் ஒன்றல்ல

கை வலிக்கிறது என்று சொன்னால் நம் ஆட்கள் உடனே ஒரு தைலத்தைச் சிபாரிசு செய்வார்கள். ஆனால் மோட்டார் ஓட்டுகிறவருக்கு வரும் கைவலியில் பல வகை உண்டு. எது என்று தெரியாமல் தைலம் தேய்ப்பதில் பலனில்லை.

வயதாக ஆக மூட்டு தேய்வதால் வருவது ஒன்று. விரலின் நுனி மூட்டிலும் நடு மூட்டிலும் கட்டி போல் எலும்பு தடிக்கும். கட்டை விரலின் அடிப்பகுதி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அழுத்தினால் சுரீர் என்று வலிக்கும். காலை விறைப்பு இருந்தாலும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும்.

முடக்குவாதம் வேறு. நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வருவது. பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். மணிக்கட்டும், விரல்கள் புறங்கையோடு சேரும் மூட்டும் வீங்கும். நுனி மூட்டை அநேகமாக விட்டுவிடும். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேலே நிற்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. முப்பது வயதிலும் வரலாம்.

இரவில் கை மரத்துப்போய் எழுப்பினால், அதுவும் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் ஊசி குத்துவது போலிருந்தால், அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதாக இருக்கலாம். கட்டை விரலை உள்ளே மடக்கி மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கம் சாய்த்தால் உயிர் போகிற வலி என்றால், அது தசைநார் உறையின் வீக்கமாக இருக்கலாம். பிறந்த குழந்தையைத் தூக்கித் தூக்கி இளம் தாய்மாருக்கும் இது வருவதுண்டு.

இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. மூட்டுத் தேய்மானம் மெதுவாக நகரும். முடக்குவாதம் காத்திருக்காது. வீக்கம் தொடர்ந்தால் மூட்டையே அரித்துவிடும். அரித்தது திரும்ப வளராது. ஆகவே ஆறு வாரத்துக்கு மேல் விரல் வீங்கியிருந்தால் டாக்டரிடம் காட்டாமல் இருக்க வேண்டாம்.

எனக்குக் கொடுத்தது மெத்தோட்ரெக்ஸேட். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் எங்கள் வீட்டுக் காலண்டரில் வெள்ளிக்கிழமைகளில் பச்சை மையால் வட்டம் போட்டிருக்கிறேன். கூடவே ஃபோலிக் அமில மாத்திரை உண்டு. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் கவனிக்க அவ்வப்போது இரத்தம் எடுப்பார்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் இதைச் சாப்பிடக் கூடாது. இளம் பெண்கள் டாக்டரிடம் வெட்கப்படாமல் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்து வேலை செய்வது தெரிய எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. மூன்றாவது மாதம் பால் டின்னை நானே திறந்தேன்.

இன்னொன்று. மூட்டுவலிக்கு இரண்டே நாளில் குணம் என்று யாராவது ஜாமு மாத்திரை கொடுத்தால், பாக்கெட்டில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாத சில ஜாமுக்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. வலி மாயமாய் மறைவது அதனால்தான். நாளாக ஆக எலும்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அது பாதிக்கும்.

கைக்கு இரக்கம் காட்டும் வண்டி எது?

மருந்து ஒரு பக்கம். வண்டி இன்னொரு பக்கம். எந்த மோட்டார் கையை எப்படி வேலை வாங்குகிறது என்று நான் யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

கப்சாயை மலேசியாவுக்குக் கொண்டுவந்தவர் நம் பினாங்குக்காரர். லோ பூன் சியூ சீனாவின் ஃபூஜியான் மாநிலத்திலிருந்து சிறுவனாக இங்கே வந்து பட்டறையில் வேலை கற்றவர். 1958-இல் ஜப்பானுக்குப் போனபோது ஹோண்டாவின் சிறிய மோட்டாரைப் பார்த்துவிட்டு, அதை இங்கே விற்கும் உரிமையை வாங்கிவந்தார். ஹோண்டா கப் என்ற பெயரோடு, சின்னது என்று பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து கப்சாய் ஆனது. உலகம் முழுக்க அந்த வகை மோட்டார்கள் 2017-க்குள் 10 கோடி தயாரிக்கப்பட்டுவிட்டன.

அந்த மோட்டாரில் கைவலிக்காரருக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. அதற்குக் கிளட்ச் பிடி கிடையாது. ஜப்பானில் நூடல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்ட முடிய வேண்டும் என்று நினைத்து வடிவமைத்ததாகச் சொல்வார்கள். கிளட்ச் எஞ்சினுக்குள்ளே தானாக இயங்குகிறது. இடது கால் கியர் மாற்றும். வலது கால் பின் பிரேக் பிடிக்கும். இடது கைக்கு சிக்னலும் ஹாரனும்தான் வேலை. நூடல்ஸ் பையனுக்காகச் செய்தது என் இடது மணிக்கட்டுக்கு உபயோகமாகிறது.

வொய்15 போன்ற கிளட்ச் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்தார் பக்கம் சாயங்கால நெரிசலில் ஊர்ந்தால் இடது கை எத்தனை முறை கிளட்ச் பிடிக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விரல் மூட்டு வீங்கியவருக்கு அது ஆகாது.

அப்படியானால் ஸ்கூட்டர்தானே சுகம் என்பார்கள். என் மகளும் அதைத்தான் சொன்னாள். கியர் இல்லை, உண்மை. ஆனால் ஸ்கூட்டரில் பின் பிரேக்கும் கையில்தான் இருக்கிறது. கப்சாயில் கால் செய்யும் வேலை அதில் இடது கைக்கு வந்துவிடுகிறது. இரண்டு கையும் வலிப்பவர் அதை யோசிக்க வேண்டும். முடக்குவாதம் பாதத்தையும் தாக்கும் என்பதால், கியரை மிதிக்கவே முடியாதவருக்கு ஸ்கூட்டர்தான் நல்லது. அவரவர் மூட்டைப் பொறுத்த விஷயம் இது. கடைக்குப் போய் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, பிடியை அழுத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நான் கப்சாயிலேயே இருந்துகொண்டேன். ஆனால் பழைய இஎக்ஸ்5-ஐக் கொடுத்துவிட்டு, முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள ஒரு பழைய வேவ் வாங்கினேன். இஎக்ஸ்5-இல் இருப்பது டிரம் பிரேக். கம்பிதான் அதை இழுக்கிறது. நன்றாக நிற்க நன்றாக அழுத்த வேண்டும். டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் அழுத்தம் வேலை செய்வதால் குறைந்த பலம் போதும். என் கைக்கு அந்த வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது.

பட்டறையில் அரை மணி நேரம்

ஆயர் ஈத்தாம் சாலையில் எனக்குப் பழக்கமான ஒரு பட்டறை. அங்கிள் சீனர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மலாயும் தமிழும் கலந்து பேசுவார். கையைக் காட்டினேன். மோட்டாரில் ஏறி உட்காரச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கையை இயல்பாக நீட்டச் சொன்னார். என் விரல்கள் எங்கே வந்து நின்றனவோ, அந்த உயரத்துக்கு பிரேக் பிடியைத் திருப்பி வைத்தார். அதுவரை அது மேலே தூக்கி இருந்தது. ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டை வளைத்துத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது முழங்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வருகின்றன.

அடுத்தது கைப்பிடி. மெல்லிய ரப்பரை இறுக்கிப் பிடிக்க விரல் அதிகம் மடங்க வேண்டும். கொஞ்சம் தடிமனான, மெத்தென்ற பிடியை மாட்டினார். அளவுக்கு மீறித் தடித்தாலும் சின்னக் கைக்குப் பிடி எட்டாது. விரல் நுனியும் கட்டை விரலும் கிட்டத்தட்டத் தொடுகிற அளவு எனக்குச் சரியாக இருந்தது. அதிர்வைக் குறைக்க ஹேண்டில் முனையில் கனமான இரும்புக் குமிழ் போட்டார்.

முறுக்குக் கம்பிக்கு எண்ணெய் விட்டார். பழைய மோட்டார்களில் இதை யாரும் கவனிப்பதில்லை. துருப்பிடித்த கம்பியை முறுக்கத் தேவைப்படும் பலம் முழுவதும் மணிக்கட்டிலிருந்துதான் போகிறது. எண்ணெய் விட்டதும் பாதி பாரம் இறங்கியது போலிருந்தது. டயர் காற்றையும் சரிபார்த்தார். காற்று அதிகமானால் சாலையின் ஒவ்வொரு குழியும் நேராகக் கைக்கு வரும்.

முறுக்குப் பிடியின் மேல் மாட்டி, உள்ளங்கையால் அழுத்தியே ஓட்டும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகடு கடைகளில் விற்கிறது. நீண்ட தூரத்துக்கு விரலுக்கு நல்ல ஓய்வு. ஆனால் நெரிசலில் கை தெரியாமல் அதன் மேல் பட்டால் மோட்டார் பாய்ந்துவிடும். ஆகவே நான் அதை மாட்டவில்லை.

மருத்துவமனையில் கைப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்மணி இரண்டு பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தார். காலையில் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் கையை வைத்து மெதுவாக மடக்கி நீட்டுவது ஒன்று. சிவப்பு விளக்கில் நிற்கும்போது பிடியை விட்டுவிட்டு விரல்களை விரிப்பது இன்னொன்று. இறுகப் பற்றிக்கொண்டே நிற்பது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். மணிக்கட்டுப் பட்டையைப் பற்றியும் கேட்டேன். விறைப்பான பட்டை வீட்டில் ஓய்வுக்கு நல்லது, முறுக்கும் கையில் அதைப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டாம் என்றார். பைகளைத் தோளில் மாட்டாமல் ராகாவில் வைக்கிறேன். தோளில் பாரம் இருந்தால் உடல் முன்னால் சாய்ந்து அத்தனையும் மணிக்கட்டில் இறங்குகிறது.

பாலமா, ஃபெரியா?

அம்மா பட்டர்வொர்த்தில் இருக்கிறார். ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பேன். பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. 2019 ஜனவரி முதல் மோட்டாருக்கு டோலும் கிடையாது. ஆனால் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தே தீர வேண்டும். கரை சேரும்போது என் விரல்கள் பிடியின் வடிவத்திலேயே நின்றுவிடும். நின்று தளர்த்த நடுவில் இடமும் இல்லை.

ஆகவே ஃபெரிக்கு மாறினேன். 2023-இல் வந்த புதிய ஃபெரிகள் கார்களை ஏற்றுவதில்லை, மோட்டார்களை ஏற்றுகின்றன. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரத்துக்குள் கரை சேர்ந்துவிடலாம். பிடிக்க வேண்டிய நேரத்தில் கை ஓய்வெடுத்துக்கொள்கிறது. நகருக்குள் சின்ன வேலை என்றால் இலவச கேட் பேருந்து இருக்கிறது. பாயான் லெப்பாஸுக்கு ரேப்பிட் பினாங்கு போகிறது. நேரம் கூடுதல்தான். என்றாலும் அது இருக்கிறது என்ற தைரியம் பெரிது.

காலையில் ஒரு சோதனை

வலியைப் பொறுத்துக்கொள்வது நம் ஊரில் பெரிய குணம். அப்பா பொறுத்துக்கொண்டார், தாத்தா தோட்டத்தில் பொறுத்துக்கொண்டார் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். வீட்டு வேலையில் அது சரியாக இருக்கலாம். மோட்டாரில் அந்தக் குணம் உதவாது. என்னால் வலியைத் தாங்க முடியுமா என்ற கேள்வி அங்கே தேவையில்லை. எதிரே ஒரு பிள்ளை ஓடி வந்தால் இந்தக் கை பிரேக்கை முழுதாகப் பிடிக்குமா? இந்த ஒன்றைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. விறைத்த விரல் மடங்க அரை விநாடி தாமதித்தாலும் எட்டு மீட்டர் போய்விடும். இரண்டு கார் நீளம். பின் பிரேக் காலில் இருக்கிறதே என்று சொல்ல முடியாது. மோட்டாரை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். நம் நாட்டுச் சாலைகளில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போகிறவர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் தினமும் காலையில் எஞ்சினைப் போடும் முன் ஒரு சோதனை செய்கிறேன். முன் பிரேக்கை முழுதாகப் பத்து முறை பிடித்து விடுவேன். பத்தாவது முறை பிடித்தபடியே மோட்டாரை முன்னால் தள்ளிப் பார்ப்பேன். சக்கரம் அசையாமல் நின்றால் போவேன். அசைந்தால் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பேன். போன ஆண்டு அப்படி நடந்து போன நாள்கள் ஒன்பது. பெரும்பாலும் மழைக்காலத்தில். வலிக்காகத் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை சாப்பிட்ட நாளிலும் மோட்டார் கிடையாது. அன்று சோதனையே தேவையில்லை.

மகள் ஒரு நாள் கோபமாகவே கேட்டாள். "ஏம்மா இவ்வளவு கஷ்டம்? நான்தான் கார் வச்சிருக்கேனே. தினமும் கொண்டுபோய் விடுறேன்."

"விடுவ. ஓவர்டைம் இருக்கிற நாள்ல? நீ கல்யாணம் ஆகிப் போன பிறகு?"

அவளிடம் பதில் இல்லை. அவள் அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் நினைத்த நேரத்தில் அம்மாவைப் போய்ப் பார்ப்பதும், மீன் நன்றாக இல்லையென்றால் அடுத்த பசாருக்குப் போவதும், யாரிடமும் கேட்காமல் வீடு திரும்புவதும் எனக்குச் சின்ன விஷயங்கள் அல்ல. ஐம்பது வயதுப் பெண்ணின் கையிலிருந்து மோட்டார் சாவியை வாங்கிவிட்டால் இவ்வளவையும் சேர்த்தே வாங்கிக்கொள்வதாக அர்த்தம். அதனால்தான் சாவியை வைத்திருக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்கிறேன்.

ஒரு நாள் நிறுத்த வேண்டி வரும் என்பதும் தெரியும். 1967 டிசம்பர் 3-ஆம் தேதி கேப் டவுனில் உலகின் முதல் மனித இருதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்த டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்டுக்கும் முடக்குவாதம்தான். அந்த அறுவை சிகிச்சைக்குப் பல ஆண்டுகள் முன்பே நோய் அவருக்கு வந்துவிட்டது. நோயோடுதான் அதைச் செய்தார். 1983-இல், கைகள் ஒத்துழைக்காத நிலையில், கத்தியைக் கீழே வைத்தார். அவர் அத்தனை ஆண்டு தாக்குப்பிடித்ததும் எனக்கு உதாரணம், நிறுத்தியதும் உதாரணம். மகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். ஒரே மாதத்தில் ஐந்து நாள் காலைச் சோதனையில் தோற்றால், டாக்டரைப் பார்த்துக் கை தேறும் வரை மோட்டார் வெளியே போகாது. தேறவே இல்லையென்றால் விற்றுவிடுவோம்.

இதைப் படிக்கும் இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ அத்தையோ மாமாவோ இன்னும் பழைய கப்சாய் ஓட்டிக்கொண்டிருப்பார். கை வலிக்கிறது என்று அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். டின் மூடியைத் திறக்க உங்களிடம் நீட்டுவார், கோப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடிப்பார், சிக்னலில் கையை உதறிக்கொள்வார். சாவியைப் பிடுங்க வேண்டாம். இந்த ஞாயிறு அவர் பசியாறிய பிறகு மோட்டாரைப் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். பிரேக் பிடியை அவர் விரலுக்கு ஏற்றாற்போல் திருப்பச் சொல்லுங்கள், கம்பிக்கு எண்ணெய் விடச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை. விரல் வீங்கியிருந்தால் திங்கட்கிழமை லீவு போட்டு, கிளினிக்குக்கும் நீங்களே கூட்டிப்போங்கள்.